பட்டணத்தைக் கொடுத்த ராஜாக்களின் வீடு

சென்னைப் பட்டணத்தின் பிறந்தநாள் எது என்று கேட்டால், நமது ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளும் 1639ஆம் ஆண்டு ஆகஸ்டு 22 என்று தயங்காமல் சொல்லிவிடுவார்கள். நிலத்தைப் பெற்றவர் பிரான்சிஸ் டே என்னும் ஆங்கிலேயர் என்பதும் பாடப்புத்தகத்தில் உள்ளது. ஆனால் கொடுத்தவர் யார்? அவருக்கு மேலே இருந்த ராஜா யார்? அந்த ராஜாவின் வீடு எங்கே இருந்தது? வாங்கியவரின் பெயர் நிலைத்துவிட்டது; கொடுத்தவர்களின் பெயரைத் தேடித்தான் அறிய வேண்டியிருக்கிறது. அப்படித் தேடுகிறவர்கள் சென்னையிலிருந்து ஏறக்குறைய 150 கிலோமீட்டர் வடமேற்கே பிரயாணம்பண்ண வேண்டும். திருப்பதிக்குத் தென்மேற்கே சுமார் 12 கிலோமீட்டர் தொலைவில், சொர்ணமுகி ஆற்றின் கரையில், ஒரு பாறைக்குன்றின் அடிவாரத்தில் அந்த வீடு இன்றும் நிற்கிறது. ஊரின் பெயர் சந்திரகிரி.

கேரளத்தின் காசர்கோடு அருகே இதே பெயருடைய மற்றொரு கோட்டை கடலோரத்தில் உண்டு. அதுவல்ல நாம் பேசுவது. இந்தச் சந்திரகிரி முன்னாளில் சென்னை மாகாணத்தின் வடஆர்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்த தாலுகாவாக இருந்தது. 1911இல் சித்தூர் மாவட்டம் உருவானபோது அதனுடன் சேர்க்கப்பட்டது. 1953இல் ஆந்திர மாநிலத்தோடு போனது. 2022 முதல் புதிய திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது. எல்லைகள் இத்தனை முறை மாறியும் கோட்டை ஓர் அடியும் நகரவில்லை. அந்தப் பக்கத்துக் கடைத்தெருக்களில் தமிழில் விலை கேட்டால் தமிழிலேயே பதில் சொல்லுகிற பெரியவர்களை இன்னமும் பார்க்கலாம்.

திருப்பதிக்கு வருகிற ஜனத்திரளோடு ஒப்பிட்டால் சந்திரகிரிக்கு வருகிறவர்கள் மிகச் சிலரே. அதுவும் ஒரு வகையில் நன்மைதான். பெருங்கற்களை அடுக்கி எழுப்பிய மதில்களின் வழியே உள்ளே நுழைந்தவுடன் இரைச்சல் அடங்கிவிடுகிறது. அலங்கம், கொத்தளம், அகழி என்று நாம் வேதாகமத்தில் வாசித்துப் பழகிய சொற்களுக்கு உருவம் தேடும் பிள்ளைகளுக்கு, இந்த மதிலருகே பத்து நிமிடம் நின்றாலே போதும். எந்த விளக்கப்படமும் வேண்டாம். குன்று ஏறக்குறைய 180 மீட்டர் உயரமுள்ளது. அதன் பின்புறம் செங்குத்தாக உயர்ந்து இயற்கையான மதிலாக நிற்கிறது. இத்தகைய இடத்தை ஓர் அரண் கட்டத் தெரிந்துகொண்டவர்கள் போர்த்தொழிலை நன்கு அறிந்தவர்கள் என்பதில் ஐயமில்லை. யாதவராயர் என்னும் குறுநில மன்னர்கள் சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இக்கோட்டைக்கு அடித்தளமிட்டார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. பிற்பாடு அது விஜயநகர ராஜ்யத்தின் வசமாயிற்று.

மரமில்லாத மாளிகை

கோட்டைக்குள்ளே இரண்டு மாளிகைகள் முழு உருவத்தோடு நிற்கின்றன. பெரியது ராஜமகால், மூன்று அடுக்குகள் கொண்டது. சிறியது ராணிமகால், இரண்டு அடுக்குகள். இவ்விரண்டையும் இந்தியத் தொல்லியல் துறை பாதுகாத்து வருகிறது.

ராஜமகாலை முதன்முறை காண்கிறவர்களுக்கு ஒரு குழப்பம் உண்டாகும். கீழே பார்த்தால் கூர்முனை வளைவுகள். சுல்தான்களின் கட்டடங்களில் காணும் அதே வளைவுகள். மேலே பார்த்தால் தென்னாட்டுக் கோயில் விமானங்களைப் போன்ற கோபுர அமைப்புகள். இரண்டு தேசத்தார் ஒரே கட்டடத்தில் பாதிப்பாதி வேலை செய்தது போலத் தோன்றும். விஜயநகரத்தின் அரண்மனைச் சிற்பிகள் இப்படிக் கலந்து கட்டுவதை ஹம்பியிலேயே தொடங்கிவிட்டார்கள். அங்குள்ள தாமரை மகால் அதற்குச் சாட்சி. தக்காணத்துச் சுல்தான்களோடு தலைமுறை தலைமுறையாக யுத்தம் செய்த ராஜாக்கள், தாங்கள் குடியிருக்கும் வீட்டை அவர்களுடைய பாணியில் கட்டிக்கொள்ள வெட்கப்படவில்லை. இரு தரப்பினரையும் பிறவிச் சத்துருக்களாகவே காட்டும் மேடைப்பேச்சுகளைக் கேட்டுப் பழகிய நம் காலத்து ஜனங்கள் இந்த மாளிகையின் முன் சற்று நின்று பார்ப்பது பயனுள்ளது.

ஆனால் என்னை அதிகமாகக் கவர்ந்தது வேறொன்று. இந்த மாளிகையில் மரம் பயன்படுத்தப்படவில்லை. உத்திரம் இல்லை, மரத்தூண் இல்லை, தளத்துக்கு மரப்பலகை இல்லை. கல், செங்கல், சுண்ணாம்புச் சாந்து ஆகியவற்றால் மட்டுமே மூன்று அடுக்குகளும் எழுந்துள்ளன. மரச்சட்டம் இல்லாமல் கூரை எப்படி நிற்கும்? செங்கற்களை வளைவாக அடுக்கும்போது ஒவ்வொரு கல்லும் அடுத்த கல்லை நெருக்கித் தாங்குகிறது. அந்தப் பாரம் கீழே மட்டுமல்ல, பக்கவாட்டிலும் தள்ளும். அந்தத் தள்ளுதலை ஏற்றுக்கொள்ளக் கனமான தூண்களும் தடித்த சுவர்களும் வேண்டும். அதனால்தான் வெளியே இத்தனை பிரம்மாண்டமாகத் தோன்றும் மாளிகை, உள்ளே சென்றால் தூண்களாலேயே நிறைந்திருப்பது போலத் தோன்றுகிறது. இடத்தின் பெரும்பகுதியைத் தூண்களும் சுவர்களுமே எடுத்துக்கொண்டுவிட்டன.

ஹம்பிக்குப் போய் வந்தவர்கள் ஒன்றை நினைவுகூரலாம். அங்கே ராஜாக்களின் அரண்மனைகள் என்று காட்டப்படுபவை பெரும்பாலும் கல் மேடைகளே. அந்த மேடைகளின்மேல் மரத்தால் எழும்பியிருந்த மாளிகைகள் அழிந்துபோயின. மரத்தை நம்பாத சந்திரகிரி மாளிகையோ நிற்கிறது. விஜயநகர ராஜாக்கள் எப்படிப்பட்ட வீட்டில் குடியிருந்தார்கள் என்பதை நுழைந்து பார்த்து அறிய விரும்புகிறவர்களுக்கு, ஹம்பியைவிட இந்தச் சிறிய ஊரே அதிகமாக உதவுகிறது என்பது என் எண்ணம்.

ராஜமகாலின் உள்ளே இப்போது தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் இயங்குகிறது. கண்டிக்கோட்டை, குடிமல்லம், யாகண்டி முதலிய இடங்களிலிருந்து கொண்டுவரப்பட்ட கற்சிற்பங்களும் உலோகச் சிற்பங்களும் ஆயுதங்களும் அங்கே வைக்கப்பட்டுள்ளன. நமது சபையின் தாயார் ஒருவர், "விக்கிரகங்கள் இருக்கிற இடமாயிற்றே பாஸ்டர், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகலாமா?" என்று என்னிடம் கேட்டார்கள். அவை அங்கே ஆராதனைக்காக வைக்கப்படவில்லை. எந்தக் காலத்தில், எந்தக் கைகள், எந்தக் கல்லில் வேலை செய்தன என்று அறிந்துகொள்வதற்காக வைக்கப்பட்டிருக்கின்றன. தாராளமாக அழைத்துச் செல்லலாம். பிறர் பக்தியோடு செய்து வைத்தவற்றின் முன் மரியாதையாக நடந்துகொள்ளவும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கலாம்.

சகோதரரைச் சிறைவைத்த அரண்

அரண் என்றால் சத்துருவை வெளியே நிறுத்துவதற்கு என்றே நாம் எண்ணுகிறோம். உள்ளே இருப்பவர்களை வெளியே விடாமல் வைப்பதற்கும் அதே மதில் உதவும். சந்திரகிரி இரண்டு வேலைகளையும் செய்திருக்கிறது.

விஜயநகரத்தின் புகழ்பெற்ற ராஜா கிருஷ்ணதேவராயர் 1509இல் சிங்காசனம் ஏறினார். பிற்காலத்தில் விஜயநகரத்தில் தங்கியிருந்த பெர்னாவோ நூனிஸ் என்னும் போர்த்துக்கீசியக் குதிரை வியாபாரி எழுதிவைத்த குறிப்பின்படி, புதிய ராஜா செய்த முதல் காரியங்களில் ஒன்று, தம் சகோதரர்களையும் எட்டு வயதுச் சகோதரன் மகனையும் சந்திரகிரிக் கோட்டைக்கு அனுப்பிக் காவலில் வைத்ததாகும். சிங்காசனத்துக்குப் போட்டி வரக்கூடாது என்பதே காரணம். அச்சகோதரர்களில் ஒருவர் அச்சுதராயர். ஏறக்குறைய இருபது ஆண்டுகள் இந்த மதில்களுக்குள்ளே அவருடைய நாட்கள் கழிந்தன. 1529இல் கிருஷ்ணதேவராயர் மரித்தபோது, சிறையிருந்த அந்தச் சகோதரரே ராஜாவானார்.

அண்ணன் அங்கே ஒரிசா வரை படை நடத்திச் சென்று வெற்றிமேல் வெற்றி பெற்றுக்கொண்டிருக்க, தம்பி இங்கே இந்தக் குன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிருஷ்ணதேவராயரின் கீர்த்தியைப் பேசும் புத்தகங்களில் இந்த இருபது ஆண்டுகளுக்கு ஒரு வரி கிடைத்தால் அதிகம். யோசேப்பின் சரித்திரத்தைப் பலமுறை வாசித்திருக்கிற நமக்கு இது புதிதாகத் தோன்றாது. ஆனால் யோசேப்பைப்போல் அச்சுதராயர் தம்மை அடைத்துவைத்த சகோதரரைச் சந்தித்துப் பேசும் நாள் வரவில்லை.

இதற்கு முன்பே சந்திரகிரி ஒரு ராஜ்யத்தின் போக்கை மாற்றியிருந்தது. சாளுவ நரசிம்மர் என்பவர் சந்திரகிரியைத் தம் இருப்பிடமாகக் கொண்ட அதிகாரி. விஜயநகரத்தில் சங்கம வம்சத்தின் கடைசி ராஜாக்கள் பலவீனப்பட்டபோது, 1485இல் இவரே ஆட்சியைக் கைப்பற்றினார்.

தோற்றவர்கள் வந்து தங்கிய ஊர்

1565 ஜனவரியில் தலைக்கோட்டை யுத்தம். தக்காணத்துச் சுல்தான்கள் ஒன்றுகூடி விஜயநகரத்தை முறியடித்தார்கள். ராஜ்யத்தை நடத்திய முதியவர் ராமராயர் களத்திலேயே கொல்லப்பட்டார். அவருடைய சகோதரர் திருமலராயர் பொக்கிஷங்களை யானைகள்மேல் ஏற்றிக்கொண்டு தெற்கே பெனுகொண்டாவுக்கு ஓடினார். அன்றிலிருந்து அந்த ராஜ்யம் இடம்பெயர்ந்துகொண்டே இருந்த ராஜ்யம். ஹம்பியை விட்டுப் பெனுகொண்டா, அதைவிட்டுச் சந்திரகிரி, பின்பு வேலூர். ஒவ்வொரு முறையும் இன்னும் சற்றுத் தெற்கே, இன்னும் சற்றுச் சிறிய இடத்திற்கு.

1586 முதல் 1614 வரை அரசாண்ட இரண்டாம் வேங்கடபதிராயர் காலத்தில்தான் சந்திரகிரி தலைநகராயிற்று. தளர்ந்துபோன ராஜ்யத்தைத் தூக்கி நிறுத்திய கடைசி வல்லமையுள்ள ராஜா இவரே. 1598இல் இயேசு சபைத் துறவிகள் இவரைக் காணச் சந்திரகிரிக்கு வந்தார்கள். ராஜா அவர்களை வரவேற்றார். தம் தேசத்தில் தங்கவும் ஆலயம் கட்டவும் அனுமதி தந்தார். சில ஆண்டுகளில் அந்தச் சபையைச் சேர்ந்த ஓவியர்களும் அரசவைக்கு வந்து சேர்ந்தார்கள். ராஜாவுக்கு அவர்களுடைய ஓவியங்களில் மிகுந்த பிரியம். அந்தப் படங்கள் சொன்ன செய்தியைக் காட்டிலும் படங்களையே அதிகமாக விரும்பினார் போலும். கடற்கரைத் துறைமுகங்கள் போர்த்துக்கீசியரின் பிடியில் இருந்த நாட்கள் அவை. ராஜாவின் விருந்தோம்பலில் ராஜதந்திரமும் கலந்திருந்தது என்று சொன்னால் அது குறையாகாது. அன்னியரின் மார்க்கத்தாருக்குத் தம் அவையில் ஆசனம் கொடுத்துச் செவிசாய்த்த பெருந்தன்மையையும் நாம் மறுக்க இயலாது.

இவர் 1614இல் மரித்தவுடன் வேலூரில் நடந்தவை மகா கொடியவை. அடுத்த ராஜாவும் அவர் குடும்பத்தாரும், ஜக்கராயன் என்னும் பிரபுவின் கூட்டத்தாரால் கொல்லப்பட்டார்கள். ஒரே ஒரு பாலகன் மட்டும் தப்பினான். சலவைத்தொழிலாளி ஒருவர் அழுக்குத்துணி மூட்டைக்குள் மறைத்து அவனைக் கோட்டைக்கு வெளியே கொண்டுவந்தார் என்று அக்காலப் போர்த்துக்கீசியப் பாதிரியார் ஒருவரின் கடிதம் சொல்லுகிறது. அத்தாலியாளின் கைக்குத் தப்பிய யோவாஸை நினையாமல் இதை வாசிக்க நம்மால் கூடாது. அந்தப் பாலகனை ராஜாவாக்க யாசம நாயக்கர் நடத்திய யுத்தத்தில் தமிழகத்தின் நாயக்கர்கள் எல்லாரும் இரு பக்கமாகப் பிரிந்து நின்றார்கள். ராஜாவின் பெயரைச் சொல்லி நாயக்கர்கள் தங்கள் தங்கள் சீமைகளைத் தங்கள் விருப்பப்படி ஆண்டுகொள்ளும் காலம் தொடங்கிற்று. சென்னையின் கதைக்கு இதுவே வாசல்.

கிளிகளும் குரங்குகளும் குதிரைகளும்

கடற்கரையைக் கவனியுங்கள். சாந்தோமில் போர்த்துக்கீசியர். வடக்கே பழவேற்காட்டில் டச்சுக்காரர். இதே ராஜ்யத்தின் அனுமதியோடு வந்து, 1613இல் கெல்டிரியா என்னும் கோட்டையைக் கட்டிக்கொண்டவர்கள். ஆங்கிலேயரோ துர்க்கராஜப்பட்டணம் என்ற இடத்தில் வியாபாரம் சரியாக நடவாமல் வேறிடம் தேடிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு வேண்டியது துணி. நமது நெசவாளர்கள் நெய்த பருத்தித் துணி.

சாந்தோமுக்கும் பழவேற்காட்டுக்கும் இடைப்பட்ட கரை தாமர்லா வேங்கடப்ப நாயக்கர் என்பவரின் அதிகாரத்தில் இருந்தது. அவர் வந்தவாசியில் இருந்தார். அவருடைய சகோதரர் ஐயப்ப நாயக்கர் பூந்தமல்லியில் இருந்து கரையோரக் காரியங்களைக் கவனித்தார். பிரான்சிஸ் டே இவர்களிடம் பேசி முடித்ததன் பலனே 1639ஆம் ஆண்டின் பத்திரம். மதராசப்பட்டணம் என்னும் ஊரில் கோட்டை கட்டிக்கொள்ளலாம்; நாணயம் அடித்துக்கொள்ளலாம்; துறைமுகச் சுங்கத்திலும் வருவாயிலும் பாதி ஆங்கிலேயருக்கு. நாயக்கருக்கு இதனால் என்ன இலாபம்? டே எழுதிய கடிதத்தில் அது வெளிப்படையாக இருக்கிறது. பெர்சியக் குதிரைகள் வேண்டும். வேட்டைப் பருந்துகளும் குரங்குகளும் கிளிகளும் வாங்கித்தர வேண்டும். தேவைப்படும்போது கடலில் ஆங்கிலேயக் கப்பலின் துணையும் வேண்டும்.

இதை வாசிக்கிற எவரும் நகைப்பார்கள். இன்று ஒரு கிரவுண்டு மனைக்கு ஆயுள் முழுவதும் தவணை கட்டுகிற ஜனங்கள் அல்லவா நாம்! ஆனால் நாயக்கரை அறிவில்லாதவர் என்று தீர்த்துவிடக் கூடாது. குதிரை அன்றைக்கு அலங்காரப் பொருளல்ல, யுத்தத் தளவாடம். பழவேற்காட்டில் டச்சுக்காரரும் சாந்தோமில் போர்த்துக்கீசியரும் இருக்க, நடுவில் மூன்றாவது ஒருவரை இருத்திவைத்தால் தமது துறைமுகத்துக்கும் வருமானம் வரும், மற்ற இருவரும் அடங்குவார்கள் என்பது அவருடைய கணக்கு. கணக்கு அவர் காலத்துக்குச் சரிதான். அந்தக் கணக்கு எத்தனை தலைமுறைக்குப் போகும் என்று அன்று எவரும் கண்டதில்லை.

இனி ஒரு திருத்தம். சந்திரகிரிக்குப் போகிறவர்களிடம், "சென்னைக் கோட்டைக்கு நிலம் கொடுத்த பத்திரம் இந்த மாளிகையில்தான் கையெழுத்தாயிற்று" என்று சொல்லப்படும். சுற்றுலாப் புத்தகங்களும் அப்படியே எழுதுகின்றன. அது முழுவதும் சரியல்ல. 1639ஆம் ஆண்டின் பத்திரம் நாயக்கர் கொடுத்தது. அவருக்கு மேலே ராஜாவாக இருந்தவர் மூன்றாம் வேங்கடராயர். அவர் 1642இல் மரித்தார். அடுத்து வந்த மூன்றாம் ஸ்ரீரங்கராயர் காலத்தில், 1645இல், ஹென்றி கிரீன்ஹில் என்னும் ஆங்கிலேயர் ராஜாவிடமே போய் அந்த உரிமைகளை உறுதிப்படுத்திக்கொண்டார். அப்போது ராஜா இருந்தது வேலூரில். அந்தப் பத்திரத்தில் ஊரின் பெயர் ஸ்ரீரங்கராயப்பட்டணம் என்று ராஜாவின் பெயராலேயே குறிக்கப்பட்டது. நாயக்கர்களோ தங்கள் தகப்பனார் சென்னப்பரின் பெயரால் சென்னப்பட்டணம் என்றார்கள். ராஜா வைத்த பெயரைப் பட்டணத்து ஜனங்கள் ஏற்கவில்லை; நாயக்கரின் தகப்பனார் பெயர் நிலைத்தது.

அப்படியானால் சந்திரகிரிக்கும் சென்னைக்கும் சம்பந்தமே இல்லையா? உண்டு. சந்திரகிரியின் ராஜாக்கள் என்றே அந்த வம்சத்தார் அறியப்பட்டார்கள். வேலூருக்கு மாறிய பின்னும் அந்தப் பெயர் அவர்களை விட்டுப் போகவில்லை. நாயக்கர் கொடுத்தது அவர்களுடைய தேசத்தின் ஒரு துண்டு. கையெழுத்தான அறையைத் தேடாமல், கொடுத்த குடும்பத்தின் வீட்டைப் பார்க்கப் போகிறோம் என்று போனால் ஏமாற்றமில்லை.

வந்தேறிகள் யார்?

எங்கள் சபையின் வாலிபர்களோடு ராஜமகாலைச் சுற்றிவந்தபோது, அம்பத்தூரில் வேலைபார்க்கும் ஒரு தம்பி கேட்டான்: "பாஸ்டர், எங்க தெருவுல சண்டை வந்தா, 'நீ எந்த ஊர்க்காரன்டா, இங்க எதுக்கு வந்தே'ன்னு கேக்குறாங்க. இந்த ஊரு முதல்ல யாரோடது?" திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து பத்து ஆண்டுகளாக வாடகை வீட்டில் இருக்கிறவன். அவனுக்கு நான் சொன்ன பதிலை இங்கேயும் எழுதுகிறேன்.

மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, திருவொற்றியூர் ஆகியவை 1639க்குப் பல நூற்றாண்டுகள் முந்திய ஊர்கள். மதராசப்பட்டணமும் வெறும் மணல்மேடாக இருக்கவில்லை. அங்கே மீனவர் குடியிருப்பு இருந்தது. அவர்களே முந்தினவர்கள். ஆனால் இன்று நாம் சென்னை என்று சொல்லுகிற வியாபாரப் பட்டணம் முதல் ஆண்டிலேயே வெளியூராரால் உண்டானது. 1640இல் ஆங்கிலேயர் வந்திறங்கியவுடன், இங்கே வந்து குடியேறுகிறவர்களுக்கு முப்பது ஆண்டுகள் வரியில்லை என்று அறிவித்தார்கள். ஓர் ஆண்டுக்குள் நெசவாளர் குடும்பங்கள் சில நூறு வந்து சேர்ந்தன. தெலுங்கு பேசும் வணிகர்களும் வந்தார்கள். டேயின் துபாஷியாக இருந்தவர் பேரி திம்மப்பா என்பவர். சாந்தோமிலிருந்து போர்த்துக்கீசியக் கலப்பினத்தார் வந்தார்கள். நூல் சுற்றுகிறவன், துணி வெளுக்கிறவன், சாயம் ஏற்றுகிறவன், மொழிபெயர்க்கிறவன், கூலிக்குச் சுமக்கிறவன் எல்லாரும் வேறோர் ஊரைப் பின்னே விட்டு வந்தவர்கள். நிலத்தைப் பெற்றவர் வெளிநாட்டார்; கொடுத்த நாயக்கரோ தெலுங்கர்; அவருடைய ராஜாவின் முன்னோர் துங்கபத்திரைக் கரையிலிருந்து ஓடிவந்தவர்கள். "எந்த ஊர்க்காரன்" என்ற கேள்வியை அந்த முதல் ஆண்டில் கேட்டிருந்தால் பதில் சொல்லப் பட்டணத்தில் பாதிப் பேர் விழித்திருப்பார்கள்.

தம்பி சற்று நேரம் பேசாமல் நின்றான். பிறகு, "அப்ப அந்த முப்பது வருஷ வரியில்லாத சலுகை இப்ப இல்லையா?" என்றான். வாலிபர்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள்.

ராஜாவின் கடைசிப் பிரயாணம்

1645இல் பத்திரம் கொடுத்த ஸ்ரீரங்கராயருக்கு அதன்பின் அதிக நாள் ராஜ்யம் இருக்கவில்லை. கோல்கொண்டாவின் சேனாதிபதி மீர் ஜும்லா வடக்கேயிருந்து இறங்கினார். பீஜப்பூர்ப் படைகள் மேற்கேயிருந்து வந்தன. மதுரை, தஞ்சை, செஞ்சி நாயக்கர்கள் ராஜாவுக்குத் துணைநிற்க வேண்டியவர்கள். அவர்களோ அவருக்கு விரோதமாய் எழும்பினார்கள். 1646இல் சந்திரகிரி கோல்கொண்டாவின் வசமாயிற்று. யுத்தத்தோடு பஞ்சமும் சேர்ந்தது. 1647இல் சோழமண்டலக் கரை முழுவதும் கொடிய பஞ்சத்தால் ஜனங்கள் மாண்டார்கள். பிள்ளைகளோடு தங்களை அடிமைகளாக விற்றுக்கொண்டவர்களும் உண்டு.

மதராசப்பட்டணத்து ஆங்கிலேயர் என்ன செய்தார்கள்? ஆளுகை மாறியதை அறிந்து மீர் ஜும்லாவிடம் போனார்கள். அவரும் அவர்களுடைய உரிமைகளை உறுதிசெய்தார். வியாபாரம் தொடர்ந்தது. ராஜாவின் பெயரைத் தாங்கிய பத்திரம் ராஜாவைக் காப்பாற்றவில்லை. பெற்றவர்களுக்கு மட்டும் பயன்பட்டது. ஸ்ரீரங்கராயர் மைசூர்ப் பக்கத்தில் இக்கேரி நாயக்கரை அண்டி, இழந்ததை மீட்கும் நம்பிக்கையோடு ஆண்டுகள் பல கழித்தார். வேலூருக்கோ சந்திரகிரிக்கோ ராஜாவாக அவர் நிலைபெற முடியவில்லை. அந்த வம்சத்தின் ஆட்சி அவரோடு முடிந்தது.

சந்திரகிரி பிறகு ஆர்க்காட்டு நவாபிடம் போனது. 1782இல் ஹைதர் அலி பிடித்தார். 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கை வரையில் மைசூரிடம் இருந்தது. அதற்கப்பால், கோட்டையைக் காக்கவும் ஆளில்லை, பிடிக்கவும் ஆளில்லை.

போய்வர விரும்புகிறவர்களுக்கு

சென்னையிலிருந்து திருத்தணி, புத்தூர் வழியாகத் திருப்பதி சென்று, அங்கிருந்து பேருந்திலோ ஆட்டோவிலோ அரைமணி நேரத்தில் சந்திரகிரியை அடையலாம். திருப்பதி–காட்பாடி ரயில் பாதையில் சந்திரகிரி நிலையமும் உண்டு. ஆனால் எல்லா வண்டிகளும் நிற்பதில்லை. வெள்ளிக்கிழமை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. வார இறுதியில் சபையாராகச் செல்லுகிறவர்கள் சனிக்கிழமையைத் தெரிந்துகொள்வது நலம். முதியவர்கள் மாளிகையின் படிகளில் கவனமாக ஏறவேண்டும். கோடையில் பாறையின் அனல் மதியத்துக்குமேல் தாங்க முடியாது, காலையிலேயே போய்விடுங்கள். குடிநீரைக் கையோடு கொண்டுபோங்கள். குன்றின்மேலுள்ள கோட்டைப் பகுதிக்கு ஏற விரும்பும் வாலிபர்கள், அன்றைக்கு அனுமதி உண்டா என்று வாசலிலேயே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

ராஜமகாலோடு திரும்பிவிடாமல் ராணிமகாலையும் பாருங்கள். பெயர் ராணியினுடையதாக இருந்தாலும், அதன் கீழ்த்தளத்தைப் பார்த்தால் குதிரைகள் கட்டிய இடம்போலவே இருக்கிறது.